பாட்டுக்குத் தேரைக் கொடுத்த மலை அரசன்

திருக்கோவிலூர்க் காரியின் கதை

தோளில் யாழ். முதுகில் மூட்டை. மூட்டைக்குள் முழவு, தாளம், குழல், கொம்பு. பின்னால் பெண்களும் பிள்ளைகளும். எல்லோர் வயிற்றிலும் பசி.

சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு, தமிழ்நாட்டு மலைப் பாதைகளில் இப்படிப்பட்ட கூட்டங்கள் நடந்துகொண்டே இருந்தன. அவர்கள்தான் பாணர்கள், கூத்தர்கள், விறலியர்கள். ஊர் ஊராகப் போய்ப் பாடுவதும் ஆடுவதுமே அவர்கள் பிழைப்பு. சொந்த நிலம் இல்லை, நிலையான வருமானமும் இல்லை. பாட்டைக் கேட்டு ரசிக்கும் ஒருவன் கிடைத்தால் அன்று சோறு. கிடைக்காவிட்டால் பட்டினி.

அந்தக் கூட்டங்களில் பல, தென்பெண்ணை ஆற்றங்கரையை நோக்கியே நடந்தன. அங்கே ஒரு ரசிகன் இருந்தான். அவன் ஓர் அரசன்!

அவன் பெயர் மலையமான் திருமுடிக்காரி. கடையெழு வள்ளல்கள் என்று புகழப்படும் ஏழு பேரில் அவனும் ஒருவன்.

அவன் ஊர் எது?

காரியின் தலைநகரம் கோவலூர். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் திருக்கோவிலூர்தான் அது. அவனுக்குச் சொந்தமான மலை முள்ளூர் மலை. மலையமான் ஆண்ட நாடு என்பதால் அந்தப் பகுதிக்கு மலாடு என்று பெயர் வந்தது.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். நடுவில் கல்வராயன் மலை நிற்கிறது. அதற்குக் கிழக்கே காரியின் கோவலூர். வடமேற்கே அதியமானின் தகடூர். அதுதான் இன்றைய தர்மபுரி. தென்மேற்கே ஓரியின் கொல்லிமலை. வடக்கே நன்னனின் செங்கண்மா. அதுதான் இன்றைய செங்கம்.

இந்த நான்கு பேருமே பாணர்களை வரவேற்றவர்கள். ஆகவே கல்வராயன் மலையைச் சுற்றிய பூமி முழுவதும் ஒரு காலத்தில் பாட்டுக்காரர்களின் பூமியாக இருந்தது என்றால் மிகை அல்ல.

குளிரில் ஒரு கச்சேரி

அந்தக் காலத்துக் கச்சேரி எப்படி நடந்தது? மேடை கிடையாது. சீட்டுக் கிடையாது. ஒலிபெருக்கியும் கிடையாது. அரசன் உட்கார்ந்திருப்பான். அவன் எதிரிலேயே பாணர்கள் பாடுவார்கள். பாடுகிறவனின் முகத்தைக் கேட்கிறவன் பார்க்கலாம். கேட்கிறவனின் முகத்தைப் பாடுகிறவனும் பார்க்கலாம்.

செங்கம் நன்னனைத் தேடிப் போன ஒரு கூத்தர் கூட்டத்தைப் பற்றி மலைபடுகடாம் என்ற சங்க நூல் சொல்கிறது. அவர்களிடம் எத்தனை வாத்தியங்கள் தெரியுமா? முழவு, ஆகுளி என்ற சிறு பறை, வெண்கலத் தாளம், கொம்பு, நீண்ட தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை! இத்தனையையும் பைகளில் போட்டுக் கட்டிச் சுமந்து சென்றார்கள். அந்தப் பைகள் பலா மரத்தில் கொத்தாகத் தொங்கும் காய்களைப் போல் இருந்தனவாம்.

குளிர் காலம் வந்துவிட்டால் பாட்டுக்காரர்களுக்கு ஒரு தொல்லை. வாடைக் காற்று பட்டதும் யாழின் நரம்பு சுருதி மாறிவிடும். எவ்வளவு மீட்டினாலும் இனிமை வராது. அப்போது பெண்கள் அந்த நரம்பை நெஞ்சோடு அணைத்துச் சூடேற்றுவார்கள். உடம்பின் சூட்டில் நரம்பு பதத்துக்கு வரும். பிறகு சுருதி கூட்டிப் பாடுவார்கள். நெடுநல்வாடை என்ற சங்க நூல் இந்தச் செய்தியைச் சொல்கிறது.

இப்படி உயிர்ச்சூடு கொடுத்து வளர்த்த இசையைக் கேட்கத்தான் காரி போன்றவர்கள் காத்திருந்தார்கள்.

அள்ளிக் கொடுத்த கை

காரி பரிசு கொடுப்பதில் ஒரு தனி வழி இருந்தது.

காலையிலேயே மது அருந்தி, மயக்கத்தில் தேரைத் தூக்கிக் கொடுக்கும் அரசர்கள் அந்த நாளில் உண்டு. அது யாருக்கும் எளிது. காரி அப்படிப்பட்டவன் அல்ல. தெளிந்த புத்தியோடு கொடுத்தான். அவன் அப்படிக் கொடுத்த தேர்களை எண்ணினால், முள்ளூர் மலை உச்சியில் விழும் மழைத் துளிகளைவிட அதிகம் என்று புலவர் கபிலர் பாடினார்.

கெட்ட நாளில் போனாலும் சரி, சகுனம் சரியில்லாத நேரத்தில் போனாலும் சரி, பேசத் தெரியாமல் பேசிவிட்டாலும் சரி, காரியின் வாசலுக்குப் போனவன் வெறுங்கையோடு திரும்புவது இல்லை. மணி ஒலிக்கும் குதிரையைக் கொடுத்தான். அதோடு அன்பான வார்த்தையும் சொல்லிக் கொடுத்தான். அதனால்தான் உலகமே வியந்தது.

காரி பெரிய வீரன். சேரர், சோழர், பாண்டியர் மூவரும் அவன் துணையை நாடினார்கள். துணைக்கு அழைத்தவர்கள் பொருளைக் குவித்தார்கள். அந்தப் பொருள் எங்கே போயிற்று? எல்லாம் இரவலர்களுக்கே போயிற்று. நாடு வேள்வி செய்யும் அந்தணருக்கு உரியதாயிற்று. கடைசியில் காரிக்குச் சொந்தம் என்று மிஞ்சியது அவன் மனைவி ஒருத்திதான் என்று கபிலர் வேடிக்கையாகப் பாடினார்.

கபிலர் சொன்ன குறை

இவ்வளவு புகழ்ந்த கபிலரே காரியிடம் ஒரு குறையும் கண்டார்.

நான்கு திசையிலிருந்தும் புலவர்கள் வருகிறார்கள். காரி எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்கிறான். நன்றாகப் பாடியவனுக்கும் அதே பரிசு. சுமாராகப் பாடியவனுக்கும் அதே பரிசு. கபிலருக்கு இது பிடிக்கவில்லை.

அவர் மறைக்காமல் சொல்லிவிட்டார். கொடுப்பது சுலபம். பாடுகிறவனின் தரத்தை அறிவதுதான் கடினம். ஆகவே புலவர்களை எல்லாம் ஒரே கண்ணால் பார்க்காதே என்று அரசனுக்கே புத்தி சொன்னார்.

யோசித்துப் பாருங்கள். பரிசு வாங்கப் போன இடத்தில், பரிசு கொடுக்கிறவனுக்குப் பாடம்! அதற்குத் துணிவு வேண்டும். அந்தப் பாடத்தைக் கேட்டுக்கொள்ளப் பெரிய மனமும் வேண்டும். பாட்டைக் கேட்டுத் தலையாட்டினால் மட்டும் போதாது, பாட்டின் அருமை தெரிந்து கேட்பவனே உண்மையான ரசிகன் என்பது கபிலரின் எண்ணம்.

கபிலர் பாடிய பிறகு காரியைப் பாட மற்றவர்கள் தயங்கினார்கள். மாறோக்கத்து நப்பசலையார் என்ற புலவர் அதை அழகாகச் சொல்கிறார். மேலைக் கடலில் சேரனின் பொன் கொணரும் கப்பல் ஓடினால், வேறு படகு அங்கே போக முடியாது. கபிலர் பாடிய இடத்தில் மற்றவர்களின் கதியும் அதுதானாம்!

ரசிகனும் ரசிகனும் மோதினார்கள்

இனி வருவது சோகம்.

கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி. அவனும் பாணர்களின் நண்பன். ஒரு சமயம் பாணர் கூட்டம் ஒன்று காட்டில் அவனைச் சந்தித்தது. அவன் யார் என்றே அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் பாடினார்கள். வேட்டையாடிய மானின் இறைச்சியையும் பொன்னையும் அங்கேயே அவர்களுக்குக் கொடுத்து மகிழ்ந்தான் ஓரி.

அந்த ஓரியைக் கொன்றவன் யார்? காரி!

காரி சேரனுக்குத் துணையாகப் போர் செய்தான். ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்கே கொடுத்துவிட்டான். வெற்றி பெற்ற காரி, ஓரியின் ஊர்த் தெருவுக்குள் நுழைந்தான். ஊரே அலறியது. அந்தக் கூச்சலைக் கபிலர் மறக்கவில்லை. தாம் பாடிய ஒரு பாட்டில் அதை உவமையாக வைத்துவிட்டார்.

இன்னொரு பக்கம் தகடூர் அதியமான். அவ்வையாருக்கு நெல்லிக்கனி கொடுத்தவன். அவனும் பாட்டுக்கு மயங்கியவன்தான். அவன் படை காரியின் கோவலூர் மேல் பாய்ந்து அந்த ஊரை அழித்தது. திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பை என்ற ஊரில் ஒரு குகைக் கல்வெட்டு உள்ளது. 1981-ம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்டது. அதில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் இருக்கிறது. அதியமானின் கை இந்தப் பகுதி வரை நீண்டது என்பதற்கு அது கல்லில் எழுதிய சாட்சி.

மூன்று பேரும் வள்ளல்கள். மூன்று பேரும் பாட்டு ரசிகர்கள். ஒரே பாணர் கூட்டம் இந்த மூன்று வாசலிலும் பாடியிருக்கலாம். ஆனால் ஒரே பாட்டை ரசித்த மனங்கள் ஒன்று சேரவில்லை. நாட்டு ஆசையும் நட்புக் கடமையும் அவர்களைப் போர்க்களத்தில் நிறுத்திவிட்டன.

யானைக் காலடியில் குழந்தைகள்

மலையமான் குலத்துக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வந்தது.

சோழ மன்னன் கிள்ளிவளவனின் கையில் மலையமானின் பிள்ளைகள் சிக்கினார்கள். அவர்கள் காரியின் மக்கள் என்றே அறிஞர்கள் கருதுகிறார்கள். சிறு குழந்தைகள். அவர்களை யானையின் காலில் இட்டுக் கொல்லும்படி சோழன் கட்டளை இட்டான்!

குழந்தைகளை மன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். அழுதுகொண்டு வந்த குழந்தைகள் யானையைக் கண்டதும் அழுகையை நிறுத்திவிட்டார்கள். யானை வேடிக்கை காட்ட வந்திருக்கிறது என்று நினைத்தார்கள் போலும்! பிறகு சுற்றிலும் முன்பின் தெரியாத கூட்டம் நிற்பதைப் பார்த்து மிரண்டு விழித்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு புலவர் இருந்தார். அவர் பெயர் கோவூர் கிழார். அவரிடம் வாளும் இல்லை, படையும் இல்லை. பாட்டு ஒன்றுதான் இருந்தது. அதைப் பாடினார்.

சோழனே, நீ புறாவின் துன்பத்தைத் துடைத்தவன் வழியில் வந்தவன். இந்தக் குழந்தைகளோ, புலவர்களின் வறுமைக்கு அஞ்சித் தங்கள் உணவைப் பகிர்ந்து கொடுத்தவர்களின் வழியில் வந்தவர்கள். இவர்கள் முகத்தைப் பார். நான் சொன்னதைக் கேட்ட பிறகு, உன் விருப்பப்படி செய். இதுதான் அவர் பாட்டின் கருத்து.

குழந்தைகள் பிழைத்தார்கள்.

தேர் கொடுத்த குலத்துக்குப் பாட்டு உயிரைத் திருப்பிக் கொடுத்தது. தந்தை வாசலில் பாணனுக்குப் போட்ட சோறு, பிள்ளைகளின் தலையைக் காத்தது!

ஆற்றில் நிற்கும் பாறை

கபிலரின் முடிவும் இந்த மண்ணோடு கலந்தது. அவருடைய உயிர் நண்பன் பாரி இறந்தபின், பாரியின் பெண்களுக்கு மணமகன் தேடி அலைந்தார். முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் இருக்கிறது. பாரி மகளை மலையமான் குலத்தில் ஒப்படைத்துவிட்டுக் கபிலர் தீயில் இறங்கினார் என்று அது சொல்கிறது. உண்ணாமல் வடக்கிருந்து உயிர் விட்டார் என்பது இன்னொரு செய்தி. எப்படியானாலும், தென்பெண்ணை ஆற்றில் நிற்கும் ஒரு பாறைக்கு இன்றும் கபிலர் குன்று என்றுதான் பெயர்.

காரியின் அரண்மனை இன்று இல்லை. அவன் கொடுத்த தேர்களும் இல்லை. குதிரைகளும் இல்லை. அவன் கேட்டு மயங்கிய பாட்டுகளில் சில மட்டும் ஓலைச்சுவடியில் ஒளிந்து கிடந்தன. 1894-ம் ஆண்டு உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டு வெளியிட்டார். காரியும் அந்தக் குழந்தைகளும் மறுபடி உயிர் பெற்றார்கள்.

திருக்கோவிலூருக்குப் போகிறவர்கள் ஆற்றங்கரையில் சிறிது நேரம் நின்று அந்தப் பாறையைப் பார்க்கலாம். கூட அழைத்துப் போகும் குழந்தைகளுக்கு, யானையைக் கண்டு அழுகையை நிறுத்திய அந்தச் சிறுவர்களின் கதையைச் சொல்லலாம்.