ஐஸ் மேல் நடனம் ஆடியவர் – ஜாக்சன் ஹெய்ன்ஸ்



பெரியோர் வரலாறு பகுதிக்கு இந்த மாதம் என்னை எழுதச் சொன்னார்கள். போன மாதம் மேரி கியூரி அம்மையார் வந்தாங்க. அதுக்கு முந்தின மாதம் கணித மேதை ராமானுஜம். நான் எழுதப் போறவர் பேரைச் சொன்னதும் வகுப்பில் எல்லாரும் யாரு அதுன்னு கேட்டாங்க. ஜாக்சன் ஹெய்ன்ஸ் என்பது அவர் பேர். அமெரிக்கக்காரர். இறந்தது 1875-ல். ஐஸ் ஸ்கேட்டிங் நடனத்துக்குத் தந்தை என்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

ஐஸ் ஸ்கேட்டிங் என்றால் உறைந்த தண்ணீர் மேல் கத்தி வைத்த ஷூ போட்டுக்கொண்டு ஆடுவது. டிவியில் குளிர்கால ஒலிம்பிக் காட்டும்போது பார்த்திருப்பீங்க. பனிச்சறுக்கு என்று தமிழில் எழுதலாம். ஆனால் மலைச் சரிவில் காலில் நீளப் பட்டை கட்டிக்கொண்டு இறங்குவதற்கும் அதே பேரைத்தான் சொல்றாங்க. அதனால் நான் ஸ்கேட்டிங் என்றே எழுதுகிறேன்.

நம்ம ஊரில் பனி என்றால் மார்கழி மாதம் புல்லு மேல நிக்கிறதுதான். அப்புறம் ஏன் இவரைப் பற்றி எழுதுறேன் என்று கேட்பீங்க. போன வருடம் குறுவட்டப் போட்டியில் 200 மீட்டர் ஓட்டத்தில் நான் வளைவில் விழுந்தேனே, ஞாபகம் இருக்கா? கால் தடுக்கிடுச்சுன்னு எல்லாரும் நினைச்சீங்க. உண்மை அது இல்லை. நான் போட்டிருந்தது எங்க பெரியம்மா பொண்ணு அக்காவுடைய ஷூ. எனக்கு இரண்டு அளவு பெரிசு. முன்னாடி பேப்பர் திணிச்சு, மேலே சணல் கயிறு சுற்றிக் கட்டியிருந்தேன். நேராக ஓடும்போது ஒண்ணும் தெரியலை. வளைவில் திரும்பினதும் ஷூ ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போச்சு. முட்டியில் இன்னும் தழும்பு இருக்கு. ஹெய்ன்ஸ் கதையைப் படித்தபோது, அட, இவருக்கும் இதே தொல்லைதானா என்று இருந்தது. அதனால்தான் இவரை எடுத்தேன்.

முதலில் ஸ்கேட் எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்லிடறேன். வடக்கு ஐரோப்பாவில் ஆறு ஏரி எல்லாம் குளிர்காலத்தில் கெட்டியாக உறைந்துவிடும். அங்கே பழங்காலத்தில் குதிரை எலும்பு, மாட்டு எலும்பு இதையெல்லாம் தேய்த்துக் காலில் கட்டிக்கொண்டு போனார்கள். எலும்பு வழுக்கும், ஆனால் பிடிக்காது. நம்ம ஏரிக் கலங்கல்ல பாசி மேல கால் வச்ச மாதிரிதான். எலும்பில் கூர் கிடையாது என்பதால் காலால் உந்த முடியாது. கையில் ஒரு கோல் வைத்துக் குத்திக் குத்தித் தள்ளிக்கொண்டு போகணும். பிறகு ஹாலந்து பக்கத்தில் மரக்கட்டைக்கு அடியில் இரும்புக் கத்தியைப் பொருத்தினார்கள். இரும்பின் ஓரம் ஐஸைப் பிடித்தது. கோலைத் தூக்கிப் போட்டுவிட்டுக் காலாலேயே உந்தினார்கள்.

அதிலும் ஒரு குறை இருந்தது. அந்தக் கட்டையைத் தோல் வாரால் ஷூவோடு கட்டணும். இறுக்கிக் கட்டினால் கால் மரத்துப் போகும். தளர்த்திக் கட்டினால் கத்தி ஆடும். தோல் நனைந்தால் தானாகவே தளரும். 1850 வாக்கில் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் புஷ்னல் என்பவர் முழுக்க இரும்பிலேயே, ஷூவைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி ஒரு ஸ்கேட் செய்தார். கட்டினதை விட அது பரவாயில்லை. ஆனாலும் கத்தி வேறு, ஷூ வேறுதான்.

இதைப் புரிந்துகொள்ள அரிவாள்மணையை நினைத்துக்கொள்ளுங்க. கத்தி எவ்வளவு கூராக இருந்தாலும் மணைக்கட்டையில் அது லேசாக ஆடினால் காய் நறுக்க முடியுமா? நாம் கையைக் கொடுக்கிற இடத்தில் கத்தி இருக்காது. விரல்தான் போகும். அதனால்தான் எங்க ஆயா மணை ஆடினால் உடனே ஆப்பு அடிக்கக் கொடுத்துவிடும்.

ஹெய்ன்ஸ் 1840 வாக்கில் நியூயார்க்கில் பிறந்தார். அவர் சின்னப் பையனாக இருந்த காலத்தில் அமெரிக்க ஐஸ் நம்ம சென்னைக்கே வந்திருக்கு என்றால் நம்புவீங்களா? வடக்கே பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் உறைந்த ஐஸைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் மூடி, கப்பலில் ஏற்றி மெட்ராசுக்கு அனுப்பினார்கள். வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். அதை வைப்பதற்காக 1842-ல் கடற்கரையில் கட்டினதுதான் ஐஸ் ஹவுஸ். 1897-ல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினதால் இன்றைக்கு அது விவேகானந்தர் இல்லம். மெரினா போகும்போது வட்டமாகத் தெரியுமே, அந்தக் கட்டடம். நம்ம ஆட்கள் அந்த ஐஸை விலைக்கு வாங்கினார்கள். ஹெய்ன்சும் அவர் ஊர்ப் பிள்ளைகளும் அது மேல ஓடி விளையாடினார்கள்.

1858-ஆம் ஆண்டு குளிர்காலத்தில் நியூயார்க்கில் சென்ட்ரல் பூங்கா ஏரி ஸ்கேட்டிங்குக்குத் திறந்துவிடப்பட்டது. ஊரே பைத்தியம் பிடித்த மாதிரி அங்கே போனது. பெண்களும் போனார்கள். ஆனால் அந்தக் காலத்து ஆட்டம் எப்படி என்றால், உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டு, ஐஸ் மேல் கத்தியால் எட்டு போடுவது, வட்டம் போடுவது, பூ மாதிரி, எழுத்து மாதிரி வரைவது. ஆடி முடித்ததும் கீழே குனிந்து கோடு சரியாக விழுந்திருக்கா என்று பார்ப்பார்கள். நம்ம வாசல்ல கோலம் பார்க்கிற மாதிரி. கோலம் போடுறவங்களை யாரும் பார்க்க மாட்டாங்க இல்லையா, அதே மாதிரி ஆடுறவரை யாரும் பார்க்கலை. கோட்டைத்தான் பார்த்தாங்க.

ஹெய்ன்ஸ் நடனம் தெரிந்தவர். பாலே என்கிற நடனம் கற்று, நடன ஆசிரியராகவும் இருந்தவர். அவருக்கு ஐஸ் மேல் கோடு வரைவது போதவில்லை. கையை விரிக்கணும், உடம்பை வளைக்கணும், தாவணும், இசைக்கு ஏற்ற மாதிரி சுழலணும். ஆனால் வாரால் கட்டின ஸ்கேட்டில் தாவினால் என்ன ஆகும்? இறங்கும்போது கத்தி ஒரு பக்கம் திரும்பும். எனக்கு ஆன மாதிரியே.

அவர் கத்தியை ஷூவின் அடிப்பாகத்தோடு திருகாணி வைத்து நிரந்தரமாகப் பொருத்திவிட்டார். இவ்வளவுதான் அவர் கண்டுபிடிப்பு. கேட்கிறதுக்கு ரொம்பச் சின்ன விஷயம். எனக்கே முதலில் ஏமாற்றமாக இருந்தது. அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். கணுக்கால் லேசாகச் சாய்ந்தால் கத்தியும் அந்த நொடியே சாயும். நடுவில் தளர்கிற வார் இல்லை. கால் நினைப்பது ஐஸுக்கு உடனே போய்ச் சேருது.

கத்தி சாய்வது ஏன் முக்கியம் என்று சொல்லணும். ஸ்கேட் கத்தி நம்ம காய் நறுக்குற கத்தி மாதிரி ஒரே கூர் இல்லை. சுமார் 4 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். அடியில் நடுவில் பள்ளமாகக் குடைந்து, இரண்டு ஓரமும் கூராக இருக்கும். பனைமட்டையைக் கவிழ்த்துப் பிடிச்சுப் பாருங்க. நடுவில் வாய்க்கால் மாதிரி பள்ளம், இரண்டு பக்கமும் கருக்கு. கிட்டத்தட்ட அதேதான். இடது பக்கம் சாய்ந்தால் இடது ஓரம் ஐஸைக் கடிக்கும், ஆட்டக்காரர் இடது பக்கம் வளைவார். வலது பக்கம் சாய்ந்தால் வலது ஓரம். இன்னொன்று, பக்கவாட்டில் பார்த்தால் கத்தி நேராக இருக்காது. தொட்டில் கட்டை மாதிரி லேசான வளைவு. 2 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான ஆரத்தில் ஒரு பெரிய வட்டம் போட்டால் அதில் ஒரு துண்டு. அதனால் கத்தி முழுசும் ஐஸைத் தொடாது. கொஞ்ச இடம்தான் தொடும். அந்தக் கொஞ்ச இடத்தில் நின்றுதான் சுழல்வார்கள். இதெல்லாம் இன்றைய ஷூவில் இருப்பது, ஹெய்ன்ஸ் ஒருத்தரே செய்தது இல்லை. ஆனால் கத்தி ஆடாமல் நின்றால்தான் இவ்வளவும் வேலை செய்யும்.

எட்டாம் வகுப்பில் உராய்வு படித்தோமே. வழுக்கணும் என்றால் உராய்வு கம்மி, பிடிக்கணும் என்றால் அதிகம் என்று. ஸ்கேட்டில் இரண்டுமே வேணும்! முன்னால் போகும் திசையில் வழுக்கணும், பக்கவாட்டில் பிடிக்கணும். இதை எழுதும்போதுதான் எனக்கே அந்தப் பாடம் சரியாகப் புரிந்தது.

சரி, கதைக்கு வருகிறேன். அமெரிக்காவில் அவர் ஆட்டத்தை ஆட்டம் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. அப்போது அங்கே உள்நாட்டுப் போர் வேறு நடந்துகொண்டிருந்தது. 1864-ல் கப்பல் ஏறி ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். மனைவி, பிள்ளைகளை ஊரிலேயே விட்டுவிட்டுப் போனார். இது எனக்குப் பிடிக்கவில்லை. பெரியோர் வரலாறு என்பதால் மறைக்கக் கூடாது என்று எழுதிவிட்டேன். அந்த அம்மா எப்படிக் குடும்பம் நடத்தினாங்களோ.

இங்கிலாந்திலும் அவரைப் பெரிதாக மதிக்கவில்லை. அங்கேயும் விறைப்பான ஆட்டம்தான். அவர் ஆட்டத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது வியன்னா. ஆஸ்திரியா நாட்டுத் தலைநகரம், இசைக்குப் பேர் போன ஊர். 1867-ல் அங்கே ஒரு ஸ்கேட்டிங் கழகம் தொடங்கியிருந்தார்கள். 1860-களின் கடைசியில் ஹெய்ன்ஸ் அங்கே வால்ட்ஸ் இசைக்கு ஐஸ் மேல் ஆடினார். ஊர் மயங்கிப் போனது. பல பேர் அவரிடம் கற்றுக்கொண்டார்கள். ஒரு காலை முன்னால் நீட்டி, இன்னொரு காலை மடக்கி, உட்கார்ந்த நிலையிலேயே பம்பரமாகச் சுற்றுவது அவர் உண்டாக்கினதுதான். இன்றைக்கும் ஒலிம்பிக்கில் அதை ஆடுறாங்க. நானும் எங்க வீட்டுத் திண்ணையில் முயற்சி செய்தேன். அரைச் சுற்று கூட வரலை, உட்கார்ந்துட்டேன்.

அதன் பிறகு ஊர் ஊராகப் போய் ஆடினார். சொந்த நாட்டில் வாழ அவர் திரும்பிப் போகவே இல்லை. 1875-ல் பின்லாந்து நாட்டில், இன்று கொக்கோலா என்று சொல்லும் ஊரில், நுரையீரல் நோய் வந்து இறந்துபோனார். வயது 35 வாக்கில்தான். எங்க அப்பாவை விட சின்ன வயசு. அந்தக் குளிர் ஊரிலேயே அவரைப் புதைத்தார்கள். கல்லறை இன்றும் அங்கே இருக்கு.

வியன்னாக்காரர்கள் அவரை மறக்கவில்லை. 1882-ல் அங்கே பல நாட்டு ஆட்டக்காரர்கள் கலந்துகொண்ட பெரிய போட்டி நடந்தது. 1892-ல் உலக ஸ்கேட்டிங் சங்கம் ஏற்பட்டது. 1896-ல் ரஷ்யாவில் முதல் உலகப் போட்டி. 1902-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த மேட்ஜ் சையர்ஸ் என்ற பெண், ஆண்கள் ஆடும் உலகப் போட்டியில் பேர் கொடுத்தார். பெண்கள் வரக் கூடாது என்று விதியில் எழுத மறந்துவிட்டார்களாம்! அதனால் தடுக்க முடியலை. அவர் இரண்டாம் இடம் வந்தார். உடனே விதியை மாற்றிப் பெண்களைத் தடுத்தார்கள். 1906-ல் பெண்களுக்குத் தனிப் போட்டி வைத்ததும் அவர்தான் ஜெயித்தார். 1908 லண்டன் ஒலிம்பிக்கிலும் தங்கம். இவரைப் பற்றித் தனியாக எழுத ஆசை. அடுத்த தடவை இடம் கொடுத்தால் எழுதுகிறேன்.

அமெரிக்கா என்ன ஆச்சு என்று கேட்பீங்க. ஹெய்ன்ஸ் ஆடின பாணியில் அங்கே தேசியப் போட்டி நடந்தது 1914-ல்தான். அவர் இறந்து 39 வருடம் கழிச்சு. அவர் நாட்டுக்கு அவர் ஆட்டமே வெளிநாட்டு ஆட்டமாகப் போய்ச் சேர்ந்தது. 1976-ல் ஸ்கேட்டிங் புகழ் மண்டபத்தில் முதல் வரிசையிலேயே அவர் பேரைச் சேர்த்தார்கள்.

நம்ம நாட்டிலும் சிம்லாவில் 1920-லிருந்து ஸ்கேட்டிங் திடல் ஒன்று இருக்கு. தண்ணீர் ஊற்றி விட்டால் குளிரில் தானாக உறையுமாம்.

குறுவட்டப் போட்டி திரும்ப வரப் போகுது. இந்த தடவை அக்கா ஷூ வேண்டாம் என்று அம்மாகிட்ட சொல்லிட்டேன். என் கால் அளவுக்கு ஷூ வாங்கிக் கொடுத்தால் போட்டு ஓடுவேன், இல்லையென்றால் வெறுங்கால்தான். அம்மா நெல்லு அறுத்ததும் பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி,
ஊராட்சி ஒன்றியப் பள்ளி, காவாந்தண்டலம்.