வங்கக் கடலைக் கலக்கிய காப்டன்

செங்கற்பட்டு, மாமல்லபுரம் பக்கத்தில், பிறர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுத் தப்பிவிடும் பேர்வழியைப் பெரியவர்கள் 'எம்டன்' என்பார்கள். வீட்டில் எல்லோரையும் நடுங்க வைக்கும் தகப்பனாருக்கும் அதே பட்டப்பெயர்தான். தமிழ்நாடெங்கும் வழங்கும் சொல் இது. ஆனால் எம்டன் என்பது மனிதர் பெயர் அன்று. அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர். அந்தக் கப்பலை நடத்தியவர் கார்ல் வான் முல்லர். கப்பலின் பெயர் நம் பேச்சில் நிலைத்துவிட்டது. காப்டனின் பெயர் மறந்துபோயிற்று. அச்சத்துக்கே மறுபெயராகிவிட்ட அக்கப்பலின் தலைவர் உண்மையில் எப்படிப்பட்டவர்?

தரைப்படைக்காரர் மகன்

1873 ஜூன் 16-ந் தேதி ஹானோவர் நகரில் முல்லர் பிறந்தார். தகப்பனார் தரைப்படையில் கர்னல். மகனோ 1891-ல் கடற்படையில் சேர்ந்தார். அதிகம் பேசாதவர், கூச்ச சுபாவம் உடையவர். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் பணி புரிந்தபோது மலேரியா அவரைப் பிடித்துக்கொண்டது. அந்தக் காய்ச்சல் ஆயுள் முழுவதும் அவரை விடவில்லை. வேலையில் அவர் காட்டிய நுட்பம் மேலதிகாரிகளின் மதிப்பைப் பெற்றது. 1913-ல் எம்டன் அவர் வசம் ஒப்படைக்கப்பட்டது.

எம்டன் பெரிய கப்பல் அல்ல. பத்துப் பீரங்கிகள் கொண்ட இலகு ரகக் 'குரூஸர்'. சீனாவில் ஜெர்மானியர் வசமிருந்த சிங்டாவ் துறைமுகமே அதன் இருப்பிடம். 1914 ஆகஸ்டில் முதல் உலக யுத்தம் மூண்டது. கிழக்காசியாவிலிருந்த ஜெர்மன் கப்பற்படைப் பிரிவின் பெரும் பகுதி பசிபிக் கடல் வழியே தென் அமெரிக்காவை நோக்கிச் சென்றது. முல்லர் மட்டும் எம்டனுடன் இந்து மகா சமுத்திரத்துக்குச் செல்ல அனுமதி பெற்றார். நாற்புறமும் பிரிட்டிஷாரின் துறைமுகங்கள். நிலக்கரி போடுவதற்குச் சொந்தமாக ஓர் இடம் கிடையாது. பிடிபடும் கப்பல்களில் கிடைக்கும் கரியையும் நம்பித்தான் ஓட வேண்டும்.

பொய்ப் புகைபோக்கி

எம்டனுக்குப் புகைபோக்கிகள் மூன்று. கித்தான் துணியால் நான்காவது ஒன்றைச் செய்து நிறுத்தினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பிரிட்டிஷ் போர்க்கப்பல் போலவே தோன்றும். இந்த வேஷத்துடன் செப்டம்பரில் எம்டன் வங்கக் கடலில் புகுந்தது. சில நாட்களிலேயே கல்கத்தா மார்க்கத்தில் வர்த்தகக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிபட்டன.

இங்கேதான் முல்லரின் குணம் வெளிப்பட்டது. கப்பலை மூழ்கடிக்கு முன் அதிலுள்ள ஒவ்வொருவரையும் பத்திரமாக வேறு கப்பலில் ஏற்றினார். கபிங்கா என்ற கப்பலின் தலைவர் மனைவியையும் குழந்தையையும் உடன் அழைத்து வந்திருந்தார். அதை முல்லர் மூழ்கடிக்கவில்லை. பிடிபட்டவர்களை அதில் ஏற்றிக் கரைக்கு அனுப்பி வைத்தார்.

சென்னையில் குண்டு மாரி

1914 செப்டம்பர் 22. அமாவாசை கழிந்து சில நாட்களே ஆன இருட்டு. இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. யுத்த காலம், ஆனாலும் பட்டினத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கப்பலின் தேடுவிளக்கு துறைமுகத்தை அடுத்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகள் மீது விழுந்தது. அடுத்த கணம் பீரங்கிகள் முழங்கின.

அரைமணி நேரத்துக்குள் சுமார் 125 குண்டுகள். டாங்குகள் பற்றி எரிந்து வானமே சிவந்தது. கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டும் எம்டன் மீது ஒன்றும் படவில்லை. குறி தவறினாலும் குண்டுகள் ஜனங்கள் வசிக்கும் இடங்களில் விழாதபடி கப்பலை நிறுத்தியதாக எம்டன் அதிகாரிகள் பிற்பாடு எழுதினார்கள். ஆனாலும் உயிர்ச்சேதம் இல்லாமல் போகவில்லை. துறைமுகத்தில் நின்ற ஒரு வர்த்தகக் கப்பலும் அடிபட்டது. குறைந்தது ஐந்து பேர் மாண்டார்கள். உயர்நீதிமன்ற வளாகத்தின் சுவரில் ஒரு குண்டு பாய்ந்தது. அந்த இடத்தில் பதித்த கல் இன்றும் சேதி சொல்கிறது.

பிறகு எம்டன் வடக்கே போவது போல் போக்குக் காட்டியது. விளக்குகளை அணைத்துத் தெற்கே திரும்பியது. மாமல்லபுரத்துக் கோயில்களும் கலங்கரை விளக்கமும் நிற்கும் இந்தக் கரைக்கு அப்பால், இருளோடு இருளாகச் சென்று மறைந்தது. புதுச்சேரியையும் கடலூரையும் கடந்து இலங்கைப் பக்கம் போயிற்று.

மறுநாள் சென்னையில் ஒரே பீதி. வண்டி கட்டிக்கொண்டும், மூட்டை முடிச்சுகளுடன் இரயில் ஏறியும், கால்நடையாகவும் ஜனங்கள் உள்நாட்டுக் கிராமங்களுக்கு ஓடினார்கள். செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்ற கதையும் பிற்காலத்தில் பரவியது. ஆனால் அவர் அந்நாட்களில் ஐரோப்பாவிலிருந்து சுதந்திரப் பணி ஆற்றிக்கொண்டிருந்தார்.

பகைவருக்கும் மரியாதை

அக்டோபரில் எம்டன் டீகோ கார்சியா தீவுக்குப் போயிற்று. யுத்தம் மூண்ட செய்தியே அங்கு எட்டவில்லை! தீவின் நிர்வாகியுடைய மோட்டார் படகு பழுதாகிக் கிடந்தது. ஜெர்மன் மாலுமிகள் அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அக்டோபர் 28 விடியற்காலை. பொய்ப் புகைபோக்கியுடன் பினாங்குத் துறைமுகத்தில் நுழைந்த எம்டன், கடைசி நேரத்தில் ஜெர்மன் கொடியை ஏற்றி, அங்கு நின்ற ருஷ்யப் போர்க்கப்பலான ஜெம்சுக்கைத் தாக்கி மூழ்கடித்தது. எண்பதுக்கு மேற்பட்ட ருஷ்யர் மாண்டனர். வெளியே வந்ததும் பிரெஞ்சு 'டிஸ்ட்ராயர்' மூஸ்கே எதிர்ப்பட்டது. சிறிய கப்பல். எதிர்த்து நின்றது, சிறிது நேரத்தில் மூழ்கியது. முல்லர் படகுகளை இறக்கித் தண்ணீரில் தத்தளித்த பிரெஞ்சுக்காரர் 36 பேரைக் காப்பாற்றினார். காயத்தால் இறந்தவர்களை இராணுவ மரியாதையுடன் கடலில் அடக்கம் செய்தார். மற்றவர்களை வழியில் கண்ட ஒரு பிரிட்டிஷ் கப்பலில் ஏற்றி அனுப்பினார்.

கடைசிப் போர்

1914 நவம்பர் 9. கோகோஸ் தீவிலுள்ள தந்தி நிலையத்தை அழிக்க, லெப்டினன்ட் வான் மியூக்கே தலைமையில் சுமார் ஐம்பது பேரை முல்லர் கரைக்கு அனுப்பினார். நிலையத்தார் அதற்குள் அபாயச் செய்தி கொடுத்துவிட்டார்கள். ஆஸ்திரேலியத் துருப்புகளுக்குக் காவலாக, அருகிலேயே சென்றுகொண்டிருந்த 'சிட்னி' போர்க்கப்பல் விரைந்து வந்தது. அதன் பீரங்கிகள் பெரியவை, வேகமும் அதிகம். கரைக்குப் போனவர்களை விட்டுவிட்டே எம்டன் போரிட நேர்ந்தது.

எம்டனின் பீரங்கிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. இனி வெல்ல வழியில்லை என்று கண்ட முல்லர், கப்பலைப் பவளப் பாறை மீது ஏற்றினார். எஞ்சியவர் உயிராவது பிழைக்கட்டும் என்பது அவர் எண்ணம். மாண்டவர் 130-க்கு மேல். கரையில் தங்கிய மியூக்கேயின் குழு ஒரு பழைய பாய்க்கப்பலில் தப்பி, அரேபியா வழியாக 1915-ல் கான்ஸ்டாண்டிநோபிள் போய்ச் சேர்ந்தது. முல்லருக்குச் சிறைவாசம்.

முதலில் மால்டா, 1916-ல் இங்கிலாந்து. 1917 செப்டம்பரில் சுமார் இருபது கைதிகளுடன் சுரங்கம் வழியாக முல்லர் தப்பினார், மீண்டும் பிடிபட்டார். மலேரியா முற்றியதால் 1918-ல் ஹாலந்துக்கு அனுப்பப்பட்டு, அவ்வாண்டு அக்டோபரில் தாயகம் திரும்பினார். ஜெர்மனியின் உயர்ந்த யுத்த விருது அவருக்கு வழங்கப்பட்டது.

எழுதாத புத்தகம்

எம்டன் கதைக்கு உலகெங்கும் கிராக்கி. மியூக்கே புத்தகம் எழுதிப் புகழ் பெற்றார். கப்பலின் தலைவரே எழுதினால் கேட்க வேண்டுமா? ஆனால் முல்லர் மறுத்துவிட்டார். மாண்டுபோன தோழர்களின் இரத்தத்தைக் காசாக்குவதாகும் என்று அவர் மனம் ஒப்பவில்லை. பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் அமைதியாக வாழ்ந்தார். பிரன்ஸ்விக் மாகாணச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1923 மார்ச் 11-ல் திடீரென்று காலமானார். வயது 49. மலேரியா தேய்த்த உடம்பு அதற்கு மேல் தாங்கவில்லை.

அவர் பீரங்கிக்குப் பலியானவர்களும் மனிதர்களே. அவர்களுடைய சாவை எந்தப் பெருந்தன்மையும் ஈடு செய்யாது. முல்லரும் அதை உணர்ந்தே வாய் மூடி இருந்தார் போலும். சூழ்ச்சிக்காரனுக்கும் கண்டிப்பான தகப்பனாருக்கும் அவர் கப்பலின் பெயரைச் சூட்டினோம். பகைவரைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட்டவருக்கு நம் பாஷையில் ஒரு பெயரும் வைக்கவில்லை.