மண்ணைப் படிக்கக் கற்பித்த பேராசிரியர் கார்வர்

ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்றதும், வேர்க்கடலையிலிருந்து முந்நூறு பொருள்களைச் செய்து காட்டிய அமெரிக்கக் கறுப்பின அறிஞர் என்றே பலரும் கூறுவர். அக்கூற்றில் மிகை உண்டு. அம்முந்நூறில் பல, சமையற் குறிப்புகளே. அவர் பெற்ற காப்புரிமைகள் மூன்றே. நம் இளைஞர்கள் அறிய வேண்டுமென நாம் விரும்புவது வேறொரு கார்வரை. செடியும் மண்ணும் பூஞ்சையும் ஒன்றையொன்று சார்ந்து வாழும் முறையை ஆராய்ந்து, அதனை எழுத்தறியா உழவருக்கும் புரியவைத்த தாவரவியல் ஆசிரியரே அவர்.

அவர் பிறந்தது மிசௌரி மாநிலத்தில் மோசஸ் கார்வர் என்பாரின் பண்ணையில், 1864-ஆம் ஆண்டை ஒட்டி. நாள் தெரியாது, அடிமைத் தாயின் குழந்தை பிறந்த நாளை யார் குறித்து வைப்பார்? கைக்குழந்தையாக இருந்தபோதே கொள்ளையர் தாயையும் சேயையும் தூக்கிச் சென்றனர். சேயை மட்டும் ஒரு குதிரையைக் கொடுத்து மீட்டனர் என்பர். தாய் திரும்பவே இல்லை. நோஞ்சானாக இருந்த சிறுவனுக்கு வயல் வேலை இயலவில்லை. வீட்டு வேலை போக எஞ்சிய பொழுதைக் காட்டில் செடிகளோடு கழித்தான். வாடிய செடிகளை அண்டை வீட்டார் அவனிடம் கொண்டுவந்து தேற்றிச் சென்றனர்.

உள்ளூர்ப் பள்ளியில் கறுப்புக் குழந்தைகளுக்கு இடமில்லை. நியோஷோ என்னும் ஊருக்கு நடந்து சென்று, பிறர் வீட்டில் வேலை செய்து படித்தார். பின்னர்க் கான்சஸ் மாநிலத்தில் ஒரு கல்லூரி, அஞ்சலில் வந்த விண்ணப்பத்தை ஏற்று இடமளித்தது. நேரில் வந்தவரின் நிறத்தைக் கண்டதும் கதவை அடைத்தது. தகுதியை ஏற்றுப் பிறப்பை மறுக்கும் இவ்வழக்கத்தை நாம் விளக்கி எழுத வேண்டியதில்லை. சில ஆண்டுகள் புல்வெளி நிலத்தில் உழுது பிழைத்தபின், 1890-இல் அயோவா மாநிலத்தின் சிம்சன் கல்லூரியில் ஓவியம் பயிலச் சேர்ந்தார். பிறர் துணிகளை வெளுத்து வயிறு வளர்த்தார். அவர் வரைந்த செடிகளைக் கண்ட ஓவிய ஆசிரியை எட்டா பட், அவரைத் தாவரவியல் பயிலுமாறு தூண்டினார். 1891-இல் ஏம்ஸ் நகர வேளாண்மைக் கல்லூரியின் முதற் கறுப்பின மாணவரானார். தொடக்கத்தில் மாணவர் உணவுக்கூடத்தில் இடமின்றிப் பண்ணையாட்களோடு அமர்ந்து உண்டார். ஆயினும் பேராசிரியர் லூயி பாமெல் அவரது திறனை உணர்ந்து பூஞ்சையியலில் பயிற்றினார். 1894-இல் இளநிலைப் பட்டம். 1896-இல் முதுநிலைப் பட்டம். இடையில் அக்கல்லூரியிலேயே ஆசிரியப் பணி.

அவ்வாண்டே புக்கர் வாஷிங்டனின் அழைப்பை ஏற்று அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீ கல்வி நிலையத்துக்குச் சென்றார். ஆய்வுக்கூடம் என ஒன்று அங்கு இல்லை. மாணவரை அழைத்துக்கொண்டு குப்பைமேடுகளில் உடைந்த புட்டிகளையும் பழைய பாத்திரங்களையும் பொறுக்கி வந்து கருவிகளாக்கினார்.

சுற்றிலும் இருந்த நிலமோ ஆண்டுதோறும் பருத்தியே விளைந்து சத்திழந்தது. வாரத்துக்கு உழுத கறுப்பின மக்கள் விதைக்கும் உரத்துக்கும் கடன்பட்டு, அறுவடையில் அதனை அடைக்க இயலாமல் அடுத்த ஆண்டும் அதே நிலத்தில் கட்டுண்டனர். விலை கொடுத்து உரம் வாங்கச் சொல்வது அவர்களுக்கு உதவாது என்பதைக் கார்வர் கண்டார். காராமணி, வேர்க்கடலை போன்றவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்ப்பவை; ஆகவே பருத்தியோடு அவற்றை மாற்றிப் பயிரிடச் சொன்னார். சதுப்புநிலச் சேற்றையும் காட்டு இலைச் சருகையும் மட்க வைத்து உரமாக்கச் சொன்னார். சேறும் சருகும் காசின்றிக் கிடைப்பவை, கடன் வேண்டியதில்லை. வேர்க்கடலை அவர் கைக்கு வந்தது மண்ணை மீட்கும் பயிராகத்தான். விளைந்த கடலையை என்ன செய்வது என்ற கேள்விக்கே அப்பொருள்கள் பின்னர் விடையாயின.

விடியலுக்கு முன்னரே காட்டுக்குச் சென்று செடிகளையும் பூஞ்சைகளையும் திரட்டி வருவது அவர் வழக்கம். எதனையும் தனித்துப் பாராமல், அது நிற்கும் மண்ணோடும் அண்டையிலுள்ள உயிர்களோடும் சேர்த்துப் பார்க்கவே மாணவரைப் பழக்கினார். 1906-இல் கருவிகளும் விதைகளும் ஏற்றிய ஜெசப் வண்டி, வகுப்பறையைச் சிற்றூர்களுக்கே கொண்டு சென்றது. எளிய நடையில் நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு வெளியீடுகளை எழுதினார். அவர் திரட்டிய பூஞ்சைகளுள் சில அவர் பெயரையே தாங்கியுள்ளன. 1935-இல் அமெரிக்க வேளாண்மைத் துறை தாவர நோய்க் கணக்கெடுப்பில் அவரைத் துணையாளராக்கியது.

குறைகளும் இருந்தன. நிருவாகம் அவருக்குக் கைவரவில்லை. கோழிப்பண்ணை குறித்து வாஷிங்டனோடு ஓயாத பூசல். உரிமைப் போராட்டங்களில் அவர் முன்நிற்கவில்லை என வருந்துவோரும் உளர். அவ்வருத்தத்தில் நியாயம் இல்லையென நாம் சொல்லமாட்டோம்.

1940-இல் தம் சேமிப்பைக் கொண்டு டஸ்கிகீயில் ஓர் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1943 ஜனவரி 5-ஆம் நாள் மறைந்தார். சிறுவனாகச் செடிகளோடு பழகிய அந்தப் பண்ணை நிலம் அவ்வாண்டு ஜூலையில் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. கறுப்பினத்தவர் ஒருவருக்கு அமெரிக்க அரசு அவ்வாறு செய்தது அதுவே முதன்முறை.