இர்விங் கிளிக்மன்

இர்விங் கிளிக்மன் (1914 – 1972) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த பல் மருத்துவர், ஆய்வாளர், நூலாசிரியர் ஆவார். பற்களைச் சூழ்ந்துள்ள ஈறு, எலும்பு, இணைப்பு நார்கள் ஆகியவற்றின் நோய்களை ஆராய்ந்தார். கடிக்கும் விசைக்கும் ஈறு நோய்க்கும் உள்ள தொடர்பை விளக்கும் இணையழிவுக் கோட்பாட்டினால் பெரிதும் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

கிளிக்மன் 1938 ஆம் ஆண்டு பாசுடன் நகரிலுள்ள டஃப்ட்ஸ் பல் மருத்துவப் பள்ளியில் பட்டம் பெற்றார். பின்னர் அப்பள்ளியிலேயே ஆசிரியராகி, ஈறு நோயியல் துறையின் தலைவராக விளங்கினார். இவர் எழுதிய பாடநூலின் முதற் பதிப்பு 1953 இல் வெளியானது. கடைவாய்ப்பல் வேர்கள் பிரியும் இடத்தில் ஏற்படும் எலும்பு இழப்பை நான்கு நிலைகளாகப் பிரித்த இவரது வகைப்பாடும் அதே ஆண்டில் வெளிவந்தது.

பின்னணி

பல் எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் இடையே ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் அகலமுள்ள நார்த் திசு அமைந்து, கடிக்கும்போது உண்டாகும் விசையைத் தாங்குகிறது. விசை அளவு மீறினால் அழுத்தப்படும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. நார்த் திசுவின் இடம் அகன்று பல் ஆடத் தொடங்குகிறது. முறையற்ற கடி விசையே ஈறு நோய்க்குக் காரணம் என்று வியன்னாவைச் சேர்ந்த கரோலி 1901 ஆம் ஆண்டிலேயே கருதினார். எனவே, ஆடும் பல்லின் கடிபரப்பைத் தேய்த்துச் சீராக்குவதா, ஈறைத் தூய்மைப்படுத்துவதா, எதனை முதலில் செய்வது என்ற கேள்வி மருத்துவர்முன் இருந்து வந்தது.

இணையழிவுக் கோட்பாடு

கிளிக்மனும் சுமுலோவும் ரீசஸ் குரங்குகளில் செய்த ஆய்வை 1962 இலும், இறந்த மனிதரின் தாடைகளில் செய்த ஆய்வை 1965 இலும் வெளியிட்டனர். இவர்கள் பல்லைச் சூழ்ந்த திசுக்களை இரண்டு வலயங்களாகப் பிரித்தனர்.

* எரிச்சல் வலயம்: ஈறின் விளிம்பும் பற்களுக்கு இடைப்பட்ட ஈறும் இதில் அடங்கும். இங்கு அழற்சியை உண்டாக்குவது பல்மீது படியும் நுண்ணுயிர்ப் படலமே. கடி விசைக்கு இதில் பங்கில்லை.
* இணையழிவு வலயம்: இணைப்பு நார்கள், வேரின் மேலுறை, எலும்பு ஆகியன இதில் அடங்கும். அழற்சி இவ்விடத்தை எட்டும்போது அதிக விசையும் சேர்ந்தால் அழற்சி பரவும் பாதை மாறுகிறது. எலும்பு மேலிருந்து சமமாகக் குறையாமல், வேரை ஒட்டிச் செங்குத்தாகக் குழிந்து அழிகிறது.

அதாவது, கடி விசை மட்டும் ஈறு நோயைத் தொடங்குவதில்லை. தொடங்கிய நோயின் போக்கையே அது மாற்றுகிறது என்பது கிளிக்மனின் முடிவாகும்.

மறுப்பும் பின்வந்த ஆய்வுகளும்

இக்கோட்பாட்டை நோர்வே நாட்டவரான வேர்ஹாக் 1979 இல் மறுத்தார். இவரும் இறந்தோரின் தாடைகளையே ஆராய்ந்தார். நுண்ணுயிர்ப் படலம் அடுத்தடுத்த பற்களில் வெவ்வேறு ஆழத்திற்கு இறங்கியிருப்பதே செங்குத்துக் குழிகளுக்குப் போதிய காரணம் என்றும், அதிக விசை படாத பற்களிலும் அத்தகைய குழிகள் காணப்படுகின்றன என்றும் கூறினார்.

விலங்குகளில் செய்த சோதனைகளும் ஒரே முடிவைத் தரவில்லை. சுவீடனில் லிந்தே குழுவினர் பீகிள் நாய்களில் செய்த ஆய்வில், ஈறு நோயுடன் அதிக விசையும் சேர்ந்தபோது இணைப்பிழப்பு மிகுந்தது. அமெரிக்காவில் போல்சன் குழுவினர் அணில் குரங்குகளில் செய்த ஆய்வில் இணைப்பிழப்பு மிகவில்லை. ஆனால், நுண்ணுயிர்ப் படலம் இல்லாதவிடத்து விசை மட்டும் இணைப்பிழப்பை உண்டாக்குவதில்லை என்பதில் இரு குழுவினரும் உடன்பட்டனர். ஈறு நலமாக உள்ள பல், மிகை விசையை நீக்கியபின் மீண்டும் உறுதி பெறக்கூடும்.

இன்றைய நிலை

ஈறு நோய்களை வகைப்படுத்த 2017 இல் கூடிய உலகளாவிய வல்லுநர் குழு, கடி விசை மனிதரில் ஈறு நோயைத் தொடங்குகிறது என்பதற்குச் சான்றில்லை என முடிவு செய்தது. ஆகவே பற்காரையையும் நுண்ணுயிர்ப் படலத்தையும் நீக்கி அழற்சியைத் தணிப்பதே முதற் சிகிச்சையாகும். அதன் பின்னும் பல் ஆடினால் கடியைச் சீராக்குதல், அருகிலுள்ள பற்களுடன் பிணைத்தல் ஆகியன செய்யப்படுகின்றன.

கிளிக்மனின் மறைவுக்குப் பின் அவரது பாடநூலை, அவரிடம் பயின்ற கரன்சா புதுப்பித்து வெளியிட்டார். பிற்காலத்தில் கரன்சாவின் பெயரைத் தாங்கிய அந்நூல், தெற்காசியப் பதிப்பாகவும் வெளிவந்து இந்தியப் பல் மருத்துவ மாணவர்களால் பயிலப்படுகிறது. கிளிக்மனின் கோட்பாடும் அதற்கெதிரான வேர்ஹாக்கின் மறுப்பும் பாடத்தில் அடுத்தடுத்தே கற்பிக்கப்படுகின்றன.