மேலுலகும் வேண்டாத தொண்டர்

சோழவளநாட்டுத் திருமண்டங்குடியில் மார்கழிக் கேட்டையில் திருவவதரித்த விப்ரநாராயணர், திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்துப் பெரிய பெருமாளுக்குத் திருத்துழாய்மாலை சமர்ப்பித்து வந்தார். இடையில் தேவதேவி என்னும் கணிகைபால் மயங்கிப் பொருளிழந்தார். சந்நிதிப் பொன்வட்டில் அவள் மனையில் அகப்படவே களவுப் பழியும் சுமந்தார். அது அரங்கனே தந்தது எனத் தெளிந்த அரசன் விடுவித்தபின், அடியார் திருவடித்தூளியையே தம் பெயராக்கிக்கொண்டு தொண்டரடிப்பொடியாழ்வார் ஆனார் என்பது குருபரம்பரை வரலாறு.

மானிட ஆயுள் 100 ஆண்டாயினும் பாதி உறக்கத்திலும், எஞ்சியது பேதைமை, பிணி, பசி, மூப்பிலும் கழிவதால் பிறவியே வேண்டாமென்றார், 45 பாசுரங்கள் கொண்ட திருமாலையில். அப்படிப்பட்டவர் மேலுலகையன்றோ நாடியிருக்க வேண்டும்? அதற்கு முந்தைய பாசுரத்திலேயே, திருநாமம் சொல்லும் சுவையை விட்டு அவ்வுலகை ஆளும் பேறு கிட்டினும் வேண்டாமென்று தள்ளிவிட்டார். அவ்வுலகைப் பரமபதமென்றே விரிப்பாரும் உளர். மயக்கத்தில் நாள்களைப் பறிகொடுத்தவர்க்கு, முடிவின்மை மட்டுமே பேறாகத் தோன்றவில்லை போலும். வைகறையில் துளவமாலையும் பூக்கூடையுமாக நின்று, அரங்கனைத் துயிலெழுப்பும் பணியையே திருப்பள்ளியெழுச்சியின் 10 பாசுரங்களில் பாடி வைத்தார்.