செருப்புத் தைத்தவர் புத்தகக்கடை வைத்தார்!

5 பவுன் சரக்குடன் தொடங்கிய சிறு கடை. 20 ஆண்டுகளில் அது லண்டன் நகரமே வியந்து பார்க்கும் மாளிகை ஆயிற்று!

அந்தக் கடையின் சொந்தக்காரர் ஜேம்ஸ் லாக்கிங்டன்.

இருட்டில் படித்த பாடம்

இங்கிலாந்தில் வெலிங்டன் என்ற ஊரில், 1746-ம் ஆண்டில் லாக்கிங்டன் பிறந்தார். தகப்பனார் செருப்புத் தைக்கும் தொழிலாளி. குடிப்பழக்கம் உள்ளவர். வீட்டில் பிள்ளைகள் பலர். வறுமையும் அதிகம்.

சிறுவனாக இருந்தபோது லாக்கிங்டன் தெருத்தெருவாகக் கூவிப் பலகாரம் விற்றார். 14 வயதில் டாண்டன் நகரில் ஒரு செருப்புக் கடையில் வேலை பழகச் சேர்ந்தார்.

அப்போது அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவும் சரியாகத் தெரியாது. தாயார் கொடுத்த சில்லறைக் காசை முதலாளியின் மகனிடம் கொடுத்து, அவனிடம் பாடம் கேட்டார். படுக்கப் போனபின் விளக்கு வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. ஆகவே இருட்டிலேயே பாடம் நடந்தது!

விருந்தா, புத்தகமா?

1770-ம் ஆண்டில் நான்சி என்ற பெண்ணை மணந்தார். மூன்று ஆண்டு கழித்துப் பிழைப்புத் தேடி லண்டன் போய்ச் சேர்ந்தார். அப்போது அவர் பையில் இருந்தது இரண்டரை ஷில்லிங்தான். பின்னால் மனைவியும் வந்து சேர்ந்தாள்.

கிறிஸ்துமஸ் பண்டிகை வந்தது. விருந்துக்குச் சாமான் வாங்கிவர, கையில் இருந்த காசை எடுத்துக்கொண்டு லாக்கிங்டன் புறப்பட்டார். வழியில் ஒரு பழைய புத்தகக்கடை. அங்கே ஒரு கவிதை நூலைக் கண்டார். அவ்வளவுதான், காசு முழுவதும் அதற்குப் போய்விட்டது!

சாமானுக்குக் காத்திருந்த நான்சிக்குத் திகைப்பு. விருந்து ஒரு நாளோடு தீர்ந்துவிடும், புத்தகமோ ஆயுள் முழுவதும் கூட இருக்கும் என்று அவர் சமாதானம் சொன்னார்.

வட்டியில்லாக் கடன்

1774-ம் ஆண்டு ஜூன் மாதம், பெதர்ஸ்டன் தெருவில் ஒரு சிறு கடையைப் பிடித்தார். ஒரு பக்கம் செருப்பு வேலை, மறுபக்கம் பழைய புத்தகங்கள். புத்தகங்களின் மதிப்பு சுமார் 5 பவுன்.

அவர் மெதடிஸ்ட் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர். ஏழைகள் தொழில் செய்ய அந்தச் சபை வட்டியில்லாமல் பணம் கொடுத்து உதவியது. அதில் 5 பவுன் வாங்கிப் புத்தகம் சேர்த்தார். புருஷனும் மனைவியும் வயிற்றைக் கட்டிச் சிக்கனமாக வாழ்ந்தார்கள். ஆறே மாதத்தில் சரக்கின் மதிப்பு 25 பவுனாக உயர்ந்தது.

அடுத்த ஆண்டு சிஸ்வெல் தெருவுக்குக் கடை மாறியது. அங்கே பேரிடி விழுந்தது. கணவன், மனைவி இருவரையும் கடுங்காய்ச்சல் தாக்கியது. லாக்கிங்டன் படுக்கையில் கிடந்தபோதே நான்சி இறந்துவிட்டாள். பணிவிடைக்கு வந்தவர்கள் வீட்டுப் பொருளைத் திருடினார்கள். நண்பர்கள் கடையைப் பூட்டி வைத்ததால் புத்தகங்கள் தப்பின.

1776-ம் ஆண்டில் டார்காஸ் என்ற பெண்ணை மணந்தார். அவளுக்குப் புத்தகம் என்றால் உயிர். கணவர் சரக்கு வாங்க வெளியே போனால், கடையை அவள் கவனித்துக்கொள்வாள்.

கடன் இல்லை, பேரம் இல்லை

1779-ம் ஆண்டில், 12 ஆயிரம் புத்தகங்கள் அடங்கிய விலைப்பட்டியலை வெளியிட்டார். இவ்வளவு சரக்கு வாங்குகிறாரே என்று பயந்து, கூட்டாளி விலகிக்கொண்டார்.

அடுத்த ஆண்டில் லாக்கிங்டன் துணிந்து ஒரு முடிவு செய்தார். இனி யாருக்கும் கடன் இல்லை!

அந்தக் காலத்தில் பெரிய மனிதர்கள் புத்தகத்தைக் கடனுக்கு வாங்கி, ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்துப் பணம் கொடுப்பார்கள். சிலர் கொடுக்காமலே இருந்துவிடுவார்கள். அந்த நஷ்டமும் சேர்த்து விலை ஏறும். ரொக்கத்துக்கு விற்றால் விலையைக் குறைக்கலாம். வந்த பணத்தில் உடனே புதுச் சரக்கும் வாங்கலாம். இதுதான் அவருடைய கணக்கு.

ஒவ்வொரு புத்தகத்திலும் குறைந்த விலையை எழுதி வைத்தார். சீமானுக்கும் கூலிக்காரனுக்கும் அதே விலைதான். சில வாடிக்கைக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். மற்ற வியாபாரிகள், இவர் நொடித்துப் போவார் என்று சிரித்தார்கள். அவரோ அசையவில்லை.

இன்னொரு வழக்கத்தையும் அவர் உடைத்தார். விற்காமல் தேங்கிய புத்தகங்களை வியாபாரிகள் மலிவாக ஏலத்தில் எடுப்பார்கள். பாதிக்கு மேல் அழித்துவிட்டு, மிச்சத்தை முழு விலைக்கு விற்பார்கள். லாக்கிங்டன் ஒன்றையும் அழிக்காமல், எல்லாவற்றையும் பாதி விலைக்கும் கால் விலைக்கும் விற்றார். புத்தகம் ஏழைகளின் கைக்கும் போயிற்று.

1790-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் புத்தகங்கள் விற்றன. 1792-ல் கிடைத்த லாபம் 5 ஆயிரம் பவுன்!

புத்தக மாளிகை

பின்னர் பின்ஸ்பரி சதுக்கத்தில் பிரம்மாண்டமான கடையைத் திறந்தார். கலைத் தேவதைகளின் கோவில் என்று அதற்குப் பெயர். நடுவில் வட்டமான விற்பனை மேடை. நான்கு குதிரை பூட்டிய வண்டி ஒன்று அதைச் சுற்றி வந்ததாம், அவ்வளவு விசாலம்! மாடி ஏற ஏறப் புத்தகத்தின் விலை குறையும்.

1798-ம் ஆண்டில் உறவினர் ஜார்ஜிடம் கடையை ஒப்படைத்து ஓய்வு பெற்றார். உலகப் புகழ் பெற்ற "பிராங்கன்ஸ்டைன்" நாவலை 1818-ல் வெளியிட்டது அந்த நிறுவனமே.

அவருக்கு மனத்தில் ஒரு முள் தைத்தது. 1791-ல் எழுதிய சுயசரிதையில், தமக்குக் கடன் கொடுத்து உதவிய மெதடிஸ்டுகளை அவர் கேலி செய்திருந்தார். 1804-ல் வேறொரு நூல் எழுதி அதற்காக வருந்தினார். தம் சொந்தப் பணத்தில் அந்தச் சபைக்கு ஆலயமும் கட்டிக் கொடுத்தார்.

1815-ம் ஆண்டில் லாக்கிங்டன் காலமானார். 1841-ல் அந்த மாளிகை தீக்கு இரையாயிற்று. ஆனால் விலையை எழுதிவைத்து, எல்லோருக்கும் ஒரே விலையில் விற்கும் வழக்கம் உலகெங்கும் பரவி நிலைத்துவிட்டது.