ஓஸ் நாட்டைப் படைத்த ஃபிராங்க் பாம்

அமெரிக்க மண்ணில் வேர்விட்ட முதற்பெரும் மாயக்கதை எது என்று வினவினால், ஆய்வாளர் பலரும் ஓஸ் நாட்டைச் சுட்டுவர். சூறாவளியில் வீட்டோடு தூக்கிச் செல்லப்பட்ட டாரதி என்னும் கான்சாஸ் சிறுமி, மூளை வேண்டும் சோளக்கொல்லைப் பொம்மை, இதயம் வேண்டும் தகர மனிதன், துணிவு வேண்டும் சிங்கம் ஆகியோரோடு மரகத நகரை நோக்கி நடந்த கதையைத் திரையில் கண்டவர் பலர். நூலில் படித்தவர் சிலரே. திரையில் செந்நிறமாய் மின்னும் காலணிகள் நூலில் வெள்ளியாலானவை என்று சொன்னால் வியப்போர் நம் வட்டத்திலும் உண்டு.

இந்நாட்டைப் படைத்த லைமன் ஃபிராங்க் பாம், 1856ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தின் சிட்டனாங்கோ என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை எண்ணெய்த் தொழிலில் பொருள் ஈட்டியவர். உடல் நலிந்த பிள்ளையை இராணுவப் பள்ளியில் சேர்த்தனர். இரண்டாண்டுகளில் அங்கிருந்து திரும்பினார். பிறகு கோழி வளர்ப்பு, நாடகம், எண்ணெய் வணிகம் என்று பல தொழில்களில் இறங்கினார். 1886இல் வெளிவந்த அவருடைய முதல் நூல் ஹாம்பர்க் இனக் கோழிகளைப் பற்றியது என்பது சுவையான செய்தி. 1882இல் அவர் மணந்த மாட் கேஜ் அம்மையார், பெண்ணுரிமைப் போராளி மட்டில்டா ஜாஸ்லின் கேஜின் மகளார். ஓஸ் நாட்டை ஆள்வோரும் காப்போரும் பெரும்பாலும் பெண்களாகவே அமைந்ததற்கு இந்த உறவு ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

1888இல் டகோட்டாப் பகுதியின் அபர்டீன் நகரில் கடை வைத்தார். வறட்சி வந்தது; கடன் வாங்கியவர்களால் திருப்பித் தர இயலவில்லை; கடை மூடப்பட்டது. அடுத்து ஒரு வார இதழை நடத்தினார். அங்கேதான் அவர் வாழ்வின் அழியாக் கறை படிந்தது. 1890 டிசம்பரில் சிட்டிங் புல் கொல்லப்பட்டபோதும், அதே மாத இறுதியில் வூண்டட் நீயில் நூற்றுக்கணக்கான லக்கோட்டா மக்கள் சுட்டு வீழ்த்தப்பட்ட பின்னும், பழங்குடியினரை முற்றாக ஒழிக்க வேண்டும் என்று தலையங்கம் தீட்டினார். குழந்தைகளுக்கு இத்துணைக் கனிவோடு எழுதிய கை இதையும் எழுதியது. அவருடைய வழித்தோன்றல்கள் 2006இல் இதற்காக அம்மக்களிடம் மன்னிப்புக் கேட்டனர். அவர் வரலாற்றை எழுதுவோர் இதை விழுங்கிவிட்டு மேலே செல்வது அறமன்று.

இதழும் 1891இல் நின்றது. குடும்பத்தோடு சிகாகோ சென்று, பீங்கான் பொருள்களை ஊர் ஊராகக் கொண்டுசென்று விற்கும் பிரதிநிதியானார். வீட்டில் நான்கு ஆண்மக்கள். இரவில் அவர்களுக்குச் சொல்லிய கதைகளை எழுதிவைக்கும்படி ஊக்கியவர் மாமியார் என்பர். 1899இல் டென்ஸ்லோ என்னும் ஓவியரோடு இணைந்து வெளியிட்ட பாட்டு நூல் நன்கு விற்றது. மறு ஆண்டே ஓஸ் முதல் நூல் வெளிவந்தது. வண்ணப்பட அச்சுத் தகடுகளின் செலவை ஆசிரியரும் ஓவியருமே ஏற்றனர். பாமுக்கு அப்போது வயது நாற்பத்து நான்கு.

அவர் ஒரு நூலோடு நிறுத்தவே எண்ணியிருந்தார். வாசகர் விடவில்லை. சிறுவர் சிறுமியரின் கடிதங்கள் குவிந்தன. டாரதி மீண்டும் வருவாளா, தகர மனிதன் என்ன ஆனான் என்று கேட்டன. 1904இல் இரண்டாம் நூல் வந்தது; தொடர் நீண்டது. வேறு மாய நாடுகளையும் அவர் படைத்துப் பார்த்தார். பிள்ளைகள் அவற்றைப் படித்துவிட்டு மறுபடியும் ஓஸையே கேட்டனர். சலித்துப்போன அவர், 1910இல் வெளிவந்த ஆறாம் நூலின் முடிவில் ஓஸ் நாட்டையே எவர் கண்ணுக்கும் புலப்படாமல் மறைத்துவிட்டார். அந்நாட்டோடு தொடர்பு அறுந்துவிட்டது, ஆதலால் இனிக் கதை இல்லை என்பது அவர் செய்த சூழ்ச்சி.

சூழ்ச்சி மூன்றாண்டுகூட நிலைக்கவில்லை. படக்காட்சியும் நடிப்பும் கலந்து 1908இல் அவர் நடத்திய நிகழ்ச்சி பெருங்கடனில் ஆழ்த்தியிருந்தது. 1911இல் திவாலானார். முதல் நூல் உள்ளிட்ட பழைய படைப்புகளின் வருவாய் கடன்காரர்களிடம் போயிற்று. புனைபெயர்களில் எழுதிய நூல்களும் குறை தீர்க்கவில்லை. பிள்ளைகளின் வேண்டுகோளும் வீட்டின் வறுமையும் ஒன்றாய் நெருக்க, 1913இல் ஓஸுக்குத் திரும்பினார். தொடர்பற்ற நாட்டிலிருந்து செய்தி எப்படி வரும்? கம்பியில்லாத் தந்தி வழியாக வரலாமே என்று ஒரு குழந்தை யோசனை கூறியதாக முன்னுரையில் எழுதி, மூடிய வாயிலை அதனாலேயே திறந்தார். தொழில்நுட்பப் புதுமையை மாயக்கதைக்குள் இவ்வளவு இயல்பாய் நுழைத்தவர் அக்காலத்தில் அரிது.

பிற்காலத்தில் ஹாலிவுட்டில், ஓஸ்காட் என்று பெயரிட்ட தம் இல்லத்தில் பூச்செடிகள் வளர்த்துப் பரிசுகள் பெற்றார். 1918இல் பித்தப்பை அறுவை செய்துகொண்ட பின் பெரும்பாலும் படுக்கையிலேயே கழிந்தது. 1919 மே 6ஆம் நாள் மறைந்தார். பதினான்காம் ஓஸ் நூல் மறு ஆண்டு வெளிவந்தது. பதிப்பகத்தார் 1921 முதல் ரூத் பிளம்லி தாம்சன் என்னும் பெண் எழுத்தாளரைக் கொண்டு தொடரை வளர்த்தனர். அவர் மட்டும் பத்தொன்பது நூல்கள் எழுதினார். நூலகர் சிலர் இத்தொடரை மதிக்கவில்லை. டெட்ராய்ட் நூலகத்தின் சிறுவர் பிரிவில் இந்நூல்கள் நெடுங்காலம் வைக்கப்படவில்லை என்னும் செய்தி 1957இல் வெளிவந்து பெரும் விவாதமாயிற்று. அதற்கு முந்திய ஆண்டே முதல் நூலின் பதிப்புரிமை முடிந்து, எந்தப் பதிப்பாளரும் அதை அச்சிடலாம் என்றாகியிருந்தது.